மூன்றாவது வாரமும் மாணவர் இருக்க வேண்டுமென்றால்: ஆன்லைனில் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு

நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். முதன்முதலில் ஆன்லைனில் ஒரு பாடம் எடுக்கச் சொன்னபோது விடுமுறை முழுக்க உட்கார்ந்து 38 வீடியோ எடுத்தேன். ஒவ்வொன்றும் ஐம்பது நிமிடம். வகுப்பில் எப்படிப் பேசுவேனோ அப்படியே, ஒரு வரி விடாமல். எல்லாவற்றையும் போர்ட்டலில் ஏற்றிவிட்டு, இந்த செமஸ்டர் நமக்கு வேலையே இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். ஆறாவது வாரம் வேறு ஏதோ ஃபைலைத் தேடப் போனபோது, யார் யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற பட்டியல் கண்ணில் பட்டது. 58 பேரில் 40 பேர் இரண்டாவது வாரத்துக்கு அப்புறம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வந்தவர்களிலும் பாதிப் பேர் வீடியோவை நாலாவது நிமிடத்திலேயே மூடியிருந்தார்கள்.

ஒரு மாதமாக ஆளில்லாத அறையில் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த ஒரு மாதத்தில் ஒரு டவுட் கூட வராததை, எல்லாருக்கும் புரிகிறது போல என்று எடுத்துக்கொண்டேனே, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு பதினொரு செமஸ்டர் ஆகிவிட்டது. இப்போது என்ன செய்கிறேன், எதை விட்டுவிட்டேன் என்பதை இங்கே எழுதுகிறேன். கணக்கு சார்ந்த பாடம் எடுப்பவள் என்பதால் உதாரணங்கள் அந்தப் பக்கமாகவே இருக்கும். இலக்கியமோ சட்டமோ எடுப்பவர்கள் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

தொலைவிலிருந்து படிப்பது இணையத்தோடு வந்ததில்லை. 1840இல் இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் தபால் வழியாகச் சுருக்கெழுத்து சொல்லிக்கொடுத்தார். மாணவர் ஒரு பகுதியைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்புவார், அது திருத்தப்பட்டுத் திரும்பி வரும். அந்தத் திருத்தம் மட்டும் வராமல் இருந்திருந்தால் அதற்குப் பெயர் வகுப்பு இல்லை, புத்தகம். நான் ஏற்றிய 38 வீடியோவும் அப்படிப்பட்ட ஒரு புத்தகம்தான், அதுவும் பக்கம் புரட்ட முடியாத புத்தகம். மாணவர் அனுப்புவது கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கக் கூடாது. என் பாடத்தில் இப்போது எதைச் சேர்த்தாலும் எதை வெட்டினாலும் இதை வைத்துத்தான் முடிவு செய்கிறேன்.

2012இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் மின்சுற்றுகள் பாடத்தை இணையத்தில் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்தபோது பதிந்தவர்கள் சுமார் 1,55,000 பேர். சான்றிதழ் வரை போனவர்கள் 7,157 பேர். நல்ல பாடம், நல்ல ஆசிரியர்கள், தானாகத் திருத்தும் பயிற்சிகள் கூட இருந்தன. சும்மா பார்த்துவிட்டுப் போகப் பதிந்தவர்கள் ஏராளம் என்பதால் அதைத் தோல்வி என்று சொல்வது நியாயமில்லை. ஆனால் நம் மாணவர் சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவர் இல்லையே. பட்டம் வாங்கச் சேர்ந்தவர். அவர் பாதி வழியில் நின்றுவிட்டால் தேடிப் போக ஒரு ஆள் வேண்டும்.

செமஸ்டர் தொடங்கும் முன்

முதல் வேலையாக கேமராவைத் தொடாதீர்கள். ஒரு தாளை எடுத்து நெடுக்காகக் கோடு இழுத்து நாலு பத்தியாகப் பிரியுங்கள்: இந்த வாரம் மாணவர் என்ன செய்வார், எந்த நாளுக்குள், அதற்கு யார் பதில் சொல்வார், அந்தப் பதிலுக்கு எவ்வளவு நேரம் ஆகும். "நான் என்ன சொல்வேன்" என்ற பத்தியே இதில் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். என்ன செய்வார் என்பது தெளிவானால் என்ன சொல்ல வேண்டும் என்பது தானாக வந்துவிடும், பெரும்பாலும் நாம் நினைத்ததில் பாதிதான் இருக்கும்.

நாலாவது பத்தியை நேர்மையாக நிரப்புங்கள். 58 பேருக்கு ஒருவருக்கு நாலு நிமிடம் என்றால் கிட்டத்தட்ட நாலு மணி நேரம். வாரம் ஒரு அசைன்மென்ட் கொடுத்தால் வாரம் நாலு மணி நேரம் திருத்தியாக வேண்டும். முடியாது என்றால் அசைன்மென்டைக் குறையுங்கள். கொடுத்துவிட்டுத் திருத்தாமல் விட்டால் மூன்றாவது வாரம் யாரும் அனுப்ப மாட்டார்கள்.

மாணவர் பக்கக் கணக்கும் உண்டு. நீங்கள் கொடுக்கப்போகும் கணக்கை நீங்களே கடிகாரம் வைத்துப் போட்டுப் பாருங்கள். உங்களுக்குப் பத்து நிமிடம் என்றால் அவர்களுக்கு முப்பது, நாற்பது ஆகும். ஆன்லைன் என்றதும் 'வீட்டில்தானே இருக்கிறார்கள்' என்று குருவி தலையில் பனங்காய் வைக்கிற வேலை எல்லாத் துறைகளிலும் நடக்கிறது. ஐந்து பாடக்காரர்களும் ஆளுக்கொரு பனங்காய் வைத்தால் குருவி என்ன செய்யும்?

எல்லா வாரமும் ஒரே அச்சில் இருக்கட்டும். என் பாடத்தில் திங்கள் காலை வீடியோவும் குறிப்பும் திறக்கும், புதன் இரவு க்விஸ் முடியும், வியாழன் நேரலை, ஞாயிறு இரவு அசைன்மென்ட். பதினைந்து வாரமும் இதேதான். சலிப்பாக இருக்காதா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். இருக்கும். ஆனால் இன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று தேடுவதிலேயே மாணவரின் அரை மணி நேரம் போவதை விட அந்தச் சலிப்பு மேல்.

வீடியோ

இதில்தான் எல்லாரும் நேரத்தைக் கொட்டுகிறார்கள். எனக்கு இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2014இல் எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் நாலு பாடங்களில் 69 லட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவர் தங்கும் நேரம் பொதுவாக ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. என் ஐம்பது நிமிட வீடியோவின் கதி அப்போதுதான் புரிந்தது. இப்போது எதுவும் எட்டு நிமிடத்துக்கு மேல் போவதில்லை.

படம் சுமாராக இருந்தாலும் பார்த்துக்கொள்வார்கள், ஒலி சரியில்லை என்றால் மூடிவிடுவார்கள். அதனால் காசு செலவழிப்பதாக இருந்தால் மைக்குக்குச் செலவழியுங்கள். ஸ்லைடில் இருப்பதை அப்படியே வாசிக்காதீர்கள். 'போன வாரம் நடந்த தேர்வு' மாதிரி தேதி ஒட்டிக்கொண்ட பேச்சு வேண்டாம், அடுத்த வருடமும் அதே வீடியோ ஓட வேண்டும். வசன வரி கட்டாயம் போடுங்கள். காது கேளாதவர்களுக்கு மட்டும் இல்லை, பஸ்ஸில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கும் அதுதான் துணை. தானாக வரும் வசன வரியை அப்படியே நம்ப வேண்டாம், என் பாடத்தில் ஒரு தடவை 'விலகல்' எல்லா இடத்திலும் 'விளக்கு' ஆகியிருந்தது.

ஒரு வீடியோவை மட்டும் உள்ளே போய்க் காட்டுகிறேன். திட்ட விலகல் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) கண்டுபிடிக்கும்போது, எண்களின் எண்ணிக்கையான n ஆல் வகுக்காமல் ஏன் n-1 ஆல் வகுக்கிறோம் என்பது ஒவ்வொரு வருடமும் வரும் கேள்வி. முதலில் இதைச் சூத்திரத்தோடு பதினெட்டு நிமிடம் விளக்கியிருந்தேன். இப்போதைய வீடியோவில் என் முகம் இல்லை, ஒரு தாளும் என் கையும்தான். 4, 6, 11 என்று மூன்று எண் எழுதுகிறேன். சராசரி 7. விலகல்கள்: -3, -1... அங்கேயே பேனாவை நிறுத்திவிட்டு, "மூன்றாவதை நான் எழுதணுமா? வீடியோவை நிறுத்திட்டு நீங்களே எழுதுங்க, ஆனா 11ஐப் பார்க்காம எழுதுங்க" என்கிறேன். விலகல்களைக் கூட்டினால் பூஜ்யம் வந்தாக வேண்டும், ஆகவே மூன்றாவது +4 ஆகத்தான் இருக்க முடியும். முதல் இரண்டும் தெரிந்தால் மூன்றாவதுக்குச் சுதந்திரம் இல்லை. சுதந்திரமாக இருப்பது இரண்டுதான், அதனால் இரண்டால் வகுக்கிறோம். முழு நிரூபணம் இது இல்லை, அது குறிப்பில் தனியாக இருக்கிறது. ஐந்தரை நிமிட வீடியோ. அதில் இருபது விநாடி எதுவுமே நடக்காது, என் கை சும்மா தாள் மேல் கிடக்கும். அதை வெட்டிவிடலாமே என்று எடிட் செய்து கொடுத்த பையன் கேட்டான். அந்த இருபது விநாடிக்காகத்தான் அந்த வீடியோவே.

கேள்வியை எழுதுவது ஒரு தனிக் கலை

வகுப்பறையில் 'பயிற்சி 3, ஞாயிறுக்குள் கொடுத்துடுங்க' என்றால் போதும். புரியாதவர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொள்வார். இரவு பதினொரு மணிக்குத் தனியாக உட்கார்ந்திருப்பவருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. எந்தப் பயிற்சி 3? கையால் எழுதிப் படமெடுத்து அனுப்பலாமா, டைப் செய்யணுமா? படிகள் வேண்டுமா, விடை போதுமா? கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, தெரிந்தபின் செய்யலாம் என்று தள்ளிப்போடுவார். தள்ளிப்போட்டது அப்படியே போய்விடும்.

இப்போது நான் எழுதுவது இப்படி: "மூன்றாம் அலகு குறிப்பின் 7ஆம் பக்கத்தில் உள்ள 2, 5, 6 ஆகிய மூன்று கணக்குகள். தாளில் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்பினால் போதும், படம் நிழல் விழாமல் இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் படிகள் வேண்டும், விடை தவறினாலும் படிக்கு மார்க் உண்டு. 6ஆவது கஷ்டம், பாதியில் மாட்டிக்கொண்டால் எந்த இடத்தில் மாட்டினீர்கள் என்று ஒரு வரி எழுதி அப்படியே அனுப்புங்கள், அதற்கும் பாதி மார்க். சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஞாயிறு இரவு 11:59 வரை. திங்கள் காலை 9 வரை தாமதமாக அனுப்பினாலும் கேள்வி கேட்க மாட்டேன்."

'மாட்டிய இடத்தை எழுதுங்கள்' என்ற வரியைச் சேர்த்த பிறகு எனக்கு வருகிற தாள்களே வேறு மாதிரி ஆகிவிட்டன. முன்பெல்லாம் தெரியாதவர் அனுப்பவே மாட்டார், இல்லாவிட்டால் பக்கத்து ஆளின் விடையை அனுப்புவார். இப்போது "மேடம், அட்டவணையில் எந்த வரிசையைப் பார்க்கணும்னு தெரியலை, இங்கே நிறுத்திட்டேன்" என்று வருகிறது. பதில் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

சின்னச் சின்னக் க்விஸ்

2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களை இரண்டு விதமாகப் படிக்க வைத்தார்கள். ஒரு பகுதியை ஒரு தடவை படித்தபின் மறுபடி படித்தது ஒரு விதம், ஒரு தடவை படித்தபின் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது இன்னொரு விதம். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி படித்ததே முன்னால் நின்றது: 81 சதவீதம், மற்றது 75. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தலைகீழ்: மறுபடி படித்ததில் 42, நினைவிலிருந்து எழுதியதில் 56. வீடியோவை மூன்று தடவை ஓட்டிப் பார்த்து 'எல்லாம் புரிஞ்சுது மேடம்' என்று சொல்லும் பிள்ளை தேர்வில் ஏன் திணறுகிறது என்பதற்கு இதில் பதில் இருக்கிறது.

அதனால் வாரம் ஐந்து கேள்வி. மார்க் மிகக் கொஞ்சம், மொத்தத்தில் பத்து சதவீதம். இரண்டு வாய்ப்பு. இதில் கேள்வியை விட முக்கியம், தவறான விடையைத் தொட்டால் என்ன எழுதி வருகிறது என்பது. 'தவறு, மறுபடி முயலவும்' என்று வந்தால் அது கதவை முகத்தில் சாத்துவது மாதிரி. மேலே சொன்ன அதே 4, 6, 11க்கு மாதிரித் திட்ட விலகல் (n-1 ஆல் வகுப்பது) கேட்டு நாலு விடை கொடுக்கிறேன்: 13, 8.67, 3.61, 2.94. சரியானது 3.61. யார் 13ஐத் தொட்டாலும், "நீங்கள் கண்டுபிடித்தது வேரியன்ஸ். இன்னும் ஒரு படிதான் பாக்கி" என்று வரும்; வேரியன்ஸுக்கு வர்க்கமூலம் எடுத்தால்தான் திட்ட விலகல். 2.94ஐத் தொட்டால், "எல்லாம் சரி, வகுத்த எண்ணை மட்டும் பாருங்கள், கை வரைந்த வீடியோவை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்." 8.67 என்றால் இரண்டு தவறும் சேர்ந்தது, அதற்கும் ஒரு வரி உண்டு. தவறான விடைகளை இப்படி மாணவர் உண்மையில் செய்யும் பிழையிலிருந்து எடுக்க வேண்டும். பழைய விடைத்தாள் கட்டு ஒன்று கையில் இருந்தால் ஒரு மாலையில் எழுதிவிடலாம். ஒரு தடவை எழுதினால் வருடக்கணக்கில் ஓடும்.

ஆனாலும் இயந்திரம் சொல்லும் பதில் மட்டும் போதாது. அசைன்மென்டுக்கு மூன்று நாளுக்குள் என் கையால் இரண்டு வரி போய்விட வேண்டும் என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி. இரண்டே இரண்டு வரி. முதல் வரி எது நன்றாக வந்தது, இரண்டாவது வரி அடுத்த தடவை எதை மாற்ற வேண்டும். பக்கம் முழுக்கச் சிவப்பு மையில் எழுதி மூன்று வாரம் கழித்து அனுப்புவதை விட இது பலன் தருகிறது. கண் வலிக்கும் நாட்களில் எழுதாமல் ஒரு நிமிடம் பேசி ஆடியோவாக அனுப்புகிறேன். "உங்க குரல்ல என் பெயரைக் கேட்டதும் பயந்துட்டேன் மேடம், அப்புறம்தான் பாராட்டுன்னு தெரிஞ்சுது" என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள்.

புதன்கிழமைப் பட்டியல்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

முதல் நாலு வாரம், ஒவ்வொரு புதன்கிழமை மாலையும் போர்ட்டலைத் திறந்து, திங்களிலிருந்து உள்ளே வராதவர்களின் பெயரைத் தாளில் எழுதுகிறேன். போர்ட்டல் மூடுல் மென்பொருளில் ஓடினாலும் வேறு எதில் ஓடினாலும் இந்தப் பட்டியலை எடுக்க ஒரு வழி இருக்கும். முதல் வாரம் பத்துப் பதினைந்து பெயர் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு செய்தி. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் 'கடைசித் தேதி நெருங்குகிறது' வகையைச் சொல்லவில்லை, அதை யாரும் படிப்பதில்லை. நான் அனுப்புவது இவ்வளவுதான், முன்னால் அவர் பெயரோடு:

"இந்த வாரம் உங்களை உள்ளே காணோம். உடம்பு சரியில்லையா, நெட்வொர்க் பிரச்சினையா, இல்லை பாடத்தில் எங்காவது மாட்டிக்கொண்டீர்களா? ஒரு வரி எழுதினால் போதும். உங்களுக்கு க்விஸ்ஸை வெள்ளி வரை திறந்து வைக்கிறேன்."

'ஏன் வரவில்லை' என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் சாக்குதான் வரும். மூன்று காரணத்தை நாமே எடுத்துக் கொடுத்தால் கூச்சம் போய் அதில் ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள், அல்லது நாலாவதாக உண்மையைச் சொல்வார்கள்.

ஒரு மாணவர் இப்படிப் பதில் எழுதினார்: "மேடம், பாஸ்வேர்டு முதல் நாள்லேயிருந்து வேலை செய்யலை. எல்லாரும் உள்ளே போயிட்டாங்க, எனக்கு மட்டும் எப்படிக் கேக்கறதுன்னு தெரியலை." பதினேழு நாள் ஆகியிருந்தது. பாஸ்வேர்டை மாற்றிக் கொடுக்க உதவி மையத்துக்கு எடுத்த நேரம் இரண்டு நிமிடம். அந்தப் பதினேழு நாளும் அவர் பெயருக்கு எதிரே 'ஆர்வம் இல்லை' என்றுதான் என் மனசில் எழுதி வைத்திருந்தேன். இன்னொருவர், வீட்டில் ஒரே போன், தங்கைக்கும் அதே நேரத்தில் வகுப்பு என்றார். அவருக்கு வீடியோக்களைச் சிறிய அளவில் இறக்கிக்கொள்ளும்படி போட்டேன், அப்புறம் அது எல்லாருக்குமே வசதியாகிவிட்டது. வேறு சிலர் பதிலே போடவில்லை. அவர்களுக்கு அடுத்த புதன் போன் செய்தேன். அதிலும் ஒருவர் எடுக்கவில்லை, கடைசி வரை வரவும் இல்லை. எல்லாரையும் பிடித்துவிட முடியாது.

நாலு வாரம் தாண்டினால் பட்டியல் இரண்டு மூன்று பெயருக்குச் சுருங்கிவிடும். முதல் நாலு வாரத்தைக் கோட்டைவிட்டு எட்டாவது வாரம் இதைத் தொடங்கினால் பெரிய பயன் இல்லை. எட்டு வாரப் பாக்கியைப் பார்த்ததுமே ஆள் மலைத்துப்போய் மூடிவிடுவார். நான் செய்து பார்த்துச் சொல்கிறேன்.

நேரலை

நாற்பது நிமிடம் போதும். வீடியோவில் சொன்னதை மறுபடி சொல்வதற்கில்லை அந்த நேரம். கேமராவைப் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதை நான் விட்டுவிட்டேன். 2021இல் ஜெரமி பெய்லன்சன் என்ற ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் வீடியோ கூட்டங்கள் ஏன் களைப்பைத் தருகின்றன என்று எழுதும்போது, எல்லா முகமும் மிக அருகில் நம்மையே பார்ப்பது, நம் முகத்தை நாமே ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது, நகராமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது, சைகைகளைப் புரிந்துகொள்ளக் கூடுதலாக மெனக்கெடுவது என்று நாலு காரணம் சொன்னார். இதோடு, பின்னால் தெரியும் வீட்டை மறைக்க விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். முகம் தெரியாமலே ஆள் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள வேறு வழி உண்டு.

"எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். பதில் எப்போதும் மௌனம்தான், இல்லாவிட்டால் முதல் பெஞ்சுக்காரர் ஒருவரின் 'எஸ் மேடம்'. அதற்குப் பதிலாக ஒரு கேள்வி கொடுத்து, "விடையை சாட்டில் எழுதி வையுங்க, இன்னும் அனுப்ப வேண்டாம்" என்பேன். ஒரு நிமிடம் கழித்து, "இப்போ அனுப்புங்க." ஐம்பது விடை ஒரே நேரத்தில் வந்து விழும். யாரும் யாரையும் பார்த்து எழுத நேரமில்லை. 13 என்று எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் அடுத்து எதைப் பேச வேண்டும் என்று தெரிந்துவிடும்.

குழுவாகப் பிரித்தால் நாலு பேர், அதே நாலு பேர் செமஸ்டர் முழுக்க. ஒவ்வொரு வாரமும் புதிய குழு என்றால் எல்லாரும் மைக்கை மியூட்டில் போட்டுவிட்டு நேரம் முடியக் காத்திருப்பார்கள். அதே நாலு பேர் என்றால் மூன்றாவது வாரத்தில் தனியாக ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கிவிடுவார்கள். அதில் என்னைச் சேர்ப்பதில்லை. சேர்க்கவும் வேண்டாம்.

தேர்வும் ஏஐயும்

கேமரா வழியாகக் கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கும் கண்காணிப்பு மென்பொருளில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஏமாற்ற நினைப்பவர் வழி கண்டுபிடிப்பார், பதற்றப்படும் நல்ல பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பினால் மாட்டிக்கொள்ளும். புத்தகக் கணக்கை வீட்டுக்குக் கொடுத்தால் ஏஐ போட்டுக் கொடுத்துவிடும் என்பதையும் ஒத்துக்கொண்டுவிட்டேன். அதனால் மார்க்கின் பெரும்பங்கை வேறு இடத்துக்கு மாற்றினேன்.

ஒவ்வொருவரும் 14 நாள் தாங்கள் தூங்கிய நேரத்தைக் குறித்து, அதை வைத்து ஒரு அறிக்கை எழுத வேண்டும். எழுத ஏஐயைப் பயன்படுத்தினாலும் சரி, பயன்படுத்தியதைச் சொன்னால் போதும். அப்புறம் ஐந்து நிமிடம் என்னோடு வாய்மொழித் தேர்வு. ஒரு மாணவியின் அட்டவணையில் ஒன்பதாம் நாள் இரண்டு மணி நேரம் என்று இருந்தது.

"ஒன்பதாம் நாள் என்னம்மா ஆச்சு?"

"தம்பிக்குக் காய்ச்சல் மேடம், தூங்கலை."

"சரி, அந்த நாளை எடுத்துட்டா சராசரி மாறுமா?"

"மாறும் மேடம், கூடும்."

"மீடியன்?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். தாளில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. "ரொம்ப மாறாது மேடம். வரிசைல நடுவுல இருக்கறதுதானே, ஓரத்துல இருக்கறது ஒண்ணு போனா நடு கொஞ்சம்தான் நகரும்."

அறிக்கையை அவள் எழுதினாளா ஏஐ எழுதியதா என்று நான் கவலைப்படவில்லை. 58 பேருக்கு ஐந்து நிமிடம் என்றால் ஐந்து மணி நேரம். கேள்வித்தாள் தயாரித்து, கண்காணித்து, திருத்துகிற நேரத்தோடு ஒப்பிட்டால் இது அதிகம் இல்லை. நூற்றைம்பது பேர் இருந்தால் இது நடக்காது என்பதும் உண்மை.

அங்கேதான் நிர்வாகத்திடம் பேச வேண்டி வருகிறது. ஆன்லைன்தானே, நாற்காலி தேவையில்லையே என்று ஒரே ஆசிரியரிடம் முந்நூறு பேரைக் கட்டுகிறார்கள். மேலே எழுதியதெல்லாம் ஆசிரியரின் நேரத்தில்தான் நிற்கிறது. அமெரிக்கக் கல்வித் துறை 2009இல் வெளியிட்டு 2010இல் திருத்திய, பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில் ஆன்லைனில் படித்தவர்கள் சராசரியாகச் சற்று நன்றாகவே செய்திருந்தார்கள். அதே அறிக்கை, அந்த வகுப்புகளில் படிக்கும் நேரமும் பாடப் பொருளும் கூடுதலாக இருந்திருக்கலாம், ஊடகத்தால் வந்த பலன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் எச்சரித்தது. நிர்வாகக் கூட்டங்களில் முதல் பாதியை மட்டும் ஸ்லைடில் போடுவார்கள், இரண்டாவது பாதியை நீங்கள் எழுந்து சொல்லுங்கள். இன்னொன்றும் கேளுங்கள்: உதவி மையம் மாலை ஐந்துக்கு மூடினால், வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு அது இருந்தும் இல்லாத மாதிரிதான். அந்தப் பதினேழு நாள் பாஸ்வேர்டு கதையை நான் இப்போது எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. மாணவர் கணக்கு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செமஸ்டர் தொடங்கும் முந்தின நாள், லேப்டாப்பை மூடிவிட்டு, போனில், வைஃபையை அணைத்துவிட்டு, அந்தக் கணக்கில் நுழைந்து முதல் வார வேலை முழுவதையும் செய்து பாருங்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு லிங்க்காவது வேலை செய்யாமல் இருக்கும். நான் செய்யும்போது பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கும், செமஸ்டர் முழுக்க அதில் எழுதுவேன், அடுத்த முறை முதலில் திறப்பது அதைத்தான். போன செமஸ்டர் பக்கத்தில் இருப்பவை:

வாரம் 2, க்விஸ் கேள்வி 4: "குறைந்தபட்சம்" என்பதை 18 பேர் தவறாகப் புரிந்துகொண்டார்கள். மாற்று.

வாரம் 3: அசைன்மென்ட் நீளம். ஒன்றரை மணி நேரம் என்று போட்டேன், மூன்று ஆனதாம். கணக்கு 5ஐ எடு.

வாரம் 6: குழு 9இல் இரண்டு பேர் விலகிவிட்டார்கள், மீதி இருவரைக் குழு 4இல் சேர்க்க ஒரு வாரம் தாமதித்தேன். உடனே சேர்.

வாரம் 8, வீடியோ 2: மூன்றாவது நிமிடத்திலிருந்து நாய் குரைக்கிறது. யாரும் புகார் சொல்லவில்லை. அப்படியே இருக்கட்டும்.